வேலுத்தாய் நாக்கில் குடியிருந்த துரைசாணி

உடும்பஞ்சோலைக்கு மேலே, தேயிலையும் ஏலமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல நிற்கிற ஒரு மலைச்சரிவில் கருங்குன்று எஸ்டேட் பங்களா இருக்கிறது. ஒரு காலத்தில் துரைமார் இருந்த பங்களா. இப்போது வாசலில் பலகை மாட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே சாப்பாட்டு மேசையைக் கவனிக்கிறவள் வேலுத்தாய். வயது அறுபத்திரண்டு. படிப்பு, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை. ஆனால் வந்த விருந்தாளி வாயைத் திறந்து ரெண்டு வாக்கியம் பேசட்டும், அவர் எந்தச் சீமைக்காரர் என்று சொல்லிவிடுவாள். மேனேஜர் ஷிஜு பாஸ்போர்ட்டை வாங்கி, புரட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி முடிப்பதற்குள் சமையலறையில் அதற்குத் தகுந்த அடுப்பு எரிய ஆரம்பித்திருக்கும்.

அவள் கேட்பது ஒரே கேள்விதான். காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? பதிலில் முட்டை, வெண்ணெய், தண்ணீர், தக்காளி என்று நாலு வார்த்தை எப்படியும் வந்து விழும். அது போதும். 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று மழுக்கினால் அமெரிக்கா, மலைக்குளிரிலும் ஐஸ் கட்டி கேட்பார்கள். நடுவில் இருக்கிற 'ட்'டை விழுங்கிவிட்டு 'வோ... அ' என்று தொண்டையைப் பிடித்தால் லண்டன். 'பட்டர்' 'புட்டர்' ஆகி, 'கப்' 'குப்' ஆகிவிட்டால் இங்கிலாந்தின் வடக்குப் பக்கம், டீ கன்னங்கரேலென்று இருந்தால்தான் அவர்களுக்கு முகம் மலரும். 'எக்' சுருங்கி 'இக்' ஆனால் நியூசிலாந்து. 'டுடே'யை 'டுடை' என்றால் ஆஸ்திரேலியா, காப்பிக்குப் பாலைக் காய்ச்ச வேண்டியதுதான்.

வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று இல்லை. கோட்டயத்துக்காரர் 'ஓயில்' குறையச் சொல்வார், மதுரைக்காரர் 'ஆயில்' குறையச் சொல்வார். பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக் குடும்பம் வருஷம் தவறாமல் வரும். அவர்கள் "ஒரு ஆம்லெட்டுங்க, ரெண்டு டோஸ்டுங்க" என்று இங்கிலீஷுக்கே மரியாதை கொடுத்துப் பேசுவார்கள். வேலுத்தாய்க்கு அந்தக் குடும்பத்தைக் கண்டால் தனிப் பிரியம்.

சரி, ஊர் உலகத்து நாக்கையெல்லாம் எடை போடுகிறவளின் இங்கிலீஷ் எந்த ஊர் இங்கிலீஷ்? வில்லங்கம் அங்கேதான் வந்தது.

அவள் 'கேர்ள்' என்று சொல்ல மாட்டாள், 'கெரல்' என்பாள். 'பட்டர்' என்றால் கடைசி 'ர்' மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுகிற மாதிரி சொல்வாள். கஞ்சி 'பொர்ரிஜ்'. சின்னது எதுவாக இருந்தாலும் 'வீ'. ஆமாம் என்பதற்கு 'அய்'. கேட்கிற நம் ஊர்க்காரர்கள் இது எஸ்டேட் இங்கிலீஷ், படிக்காத பொம்பளை ஏதோ சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். வேலுத்தாயும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சிரிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்கிற கர்வம் அவளுக்கு உண்டு.

கர்வத்துக்கு ஆப்பு வைத்தார் ஒரு விருந்தாளி. போகும்போது இன்டர்நெட்டில் எழுதிவிட்டுப் போனார்: சாப்பாடு பிரமாதம், பரிமாறுகிற அம்மா தங்கம், ஆனால் அவர் பேசுவது பாதி புரியவில்லை. கொச்சியிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஷிஜுவைப் போனில் பிடித்துக்கொண்டார்கள். விருந்தாளியோடு பேசுகிற எல்லாரும் ரெண்டு மாசம் பயிற்சி எடுக்க வேண்டும், கடைசியில் பரீட்சை, தேறாதவர்கள் உள்வேலைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. உள்வேலை என்றால் பின்கட்டில் துணி அறை. விரிப்பு மடிப்பது, தலையணை உறை மாட்டுவது. அங்கே ஜன்னல்கூடக் கிடையாது.

"சேச்சி, எனிக்கு வேற வழியில்ல," என்றான் ஷிஜு. "அந்த 'ஆர்' சத்தத்தை மாத்திரம் விட்டுக் களஞ்சா மதி, அது போதும். எல்லாத்திலயும் ஆர் ஆரா வருது."

"நான் என்ன செய்யட்டும் சார், நாக்கு கேக்க மாட்டேங்கு," என்றாள் வேலுத்தாய்.

"ஓஃபீஸ்லேர்ந்து டின்சி மேடம் லேப்டாப்ல பேசும். அது பறயற மாதிரி பறஞ்சா மதி."

ஆபீஸை ஓஃபீஸ் என்கிறவன் தன் நாக்கைத் திருத்த வந்துவிட்டானே என்று அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் ஷிஜு நல்ல பிள்ளை. திட்ட மனசு வராது.

டின்சியும் நல்ல பெண்தான். தினமும் மத்தியானம் லேப்டாப் திரையில் வந்து உட்கார்ந்து, "நாக்கைக் கீழ வைங்க அம்மா, அசைக்காதீங்க, பட்ட... பட்ட..." என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். வேலுத்தாயும் படித்தாள். துணி அறைக்குப் போகக்கூடாது என்கிற வைராக்கியம். பத்தொன்பது வருஷமாக அந்த மேசைதான் அவள் உலகம். சீமை சீமையாக ஆட்கள் அவளிடம் வந்துதான் பசியாறிப் போயிருக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க முடியுமா? ரெண்டு மாசத்தில் 'கெரல்' செத்து 'கேள்' பிறந்தது. 'பொர்ரிஜ்' 'பாரிஜ்' ஆயிற்று. 'அய்' போய் 'எஸ் மேம்' வந்தது. ஷிஜு கைதட்டினான். டின்சி திரைக்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஏனோ சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அந்த 'கெரல்' அவளுடையது இல்லை. ஹார்ட்லி துரைசாணியுடையது.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய கதை. ஹார்ட்லி துரை இங்கிலாந்துக்காரர். அவர் கட்டிக்கொண்டு வந்த துரைசாணி ஸ்காட்லாந்தில் டண்டீ பக்கம் ஏதோ மீன்பிடிக்கிற ஊர். வேலுத்தாயின் அம்மா அந்த பங்களாவில் ஆயா. பள்ளிக்கூடம் விட்டால் வேலுத்தாயும் அங்கேதான் ஓடுவாள். துரைசாணிக்கு ஒரே பெண் குழந்தை, ஐலா. வேலுத்தாய்க்கு எட்டு வயதானபோது பிறந்தது. அவள் இடுப்பில்தான் வளர்ந்தது.

துரை காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் அடிக்கும்போது போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். துரைசாணிக்குப் பேச ஆள் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கிளப்புக்குப் போவாள். அங்கே இருந்த மற்ற துரைசாணிகள் எல்லாரும் இங்கிலாந்துக்காரிகள். இவள் பேசினால் இவளைப் போலவே 'ர்... ர்...' என்று உருட்டிக் காட்டிச் சிரிப்பார்களாம். ஒரு தடவை கிளப்பிலிருந்து வந்து பின்வராந்தாவில் உட்கார்ந்து துரைசாணி அழுததை வேலுத்தாய் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரி அழுவாள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் துரைசாணி கிளப்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் வேலுத்தாயிடம் பேசினாள். பின்வராந்தாப் படியில் ரெண்டு பேரையும் உட்கார வைத்து, உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சியை ஆளுக்கொரு கிண்ணம் கொடுப்பாள். சர்க்கரை கேட்டால் கண்ணை உருட்டுவாள். ஸ்பூன், சாசர், பட்டர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லச் சொல்வாள். வேலுத்தாய் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறின குடும்பம். 'ர்' உருளுவதற்கு அந்த நாக்குக்குச் சொல்லியா தர வேண்டும்? முதல் தடவை அவள் 'பட்டர்ர்' என்று சொன்னதும் துரைசாணி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். உன் வாயில் என் ஊர் கேட்கிறது என்று சொன்னாளாம்.

விளையாடுகிற பிள்ளைகளைக் கஞ்சிக்குக் கூப்பிட அவளிடம் ஒரு வாக்கியம் உண்டு. "கம் அவே, மை வீ கெரல்ஸ், தி பொர்ரிஜ் இஸ் கெட்டிங் கோல்ட்!" வாங்கடி என் குட்டிப் பொண்ணுகளா, கஞ்சி ஆறுது என்று அர்த்தம். பொண்ணுகளா என்றுதான் கூப்பிடுவாள். பொண்ணே என்று ஐலாவை மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

வேலுத்தாய்க்குப் பன்னிரண்டு வயதாகும்போது எஸ்டேட் கைமாறியது. துரை குடும்பம் கிளம்பியது. போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று துரைசாணி சொல்லிவிட்டுப் போனாள். கடிதம் வரவில்லை. ஒரு வருஷம் வேலுத்தாய் தபால்காரர் பின்னாலேயே நடந்தாள். அப்புறம் கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். கல்யாணம், பிள்ளைகள், லயத்து வீடு என்று முப்பது வருஷம் ஓடியது. அத்தனை வருஷமும் அந்த இங்கிலீஷைக் கேட்க ஒருவரும் இல்லை. செடிகளுக்கு நடுவே தனியாக நிற்கும்போது ஸ்பூன், சாசர், பட்டர், கம் அவே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வேலுத்தாய்க்குப் பேய் பிடித்திருக்கிறது, அதுவும் இங்கிலீஷ் பேய் என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். பங்களாவை விருந்தாளிகளுக்குத் திறந்தபோது அந்தப் பேய்தான் அவளுக்குச் சாப்பாட்டு அறையில் வேலை வாங்கிக் கொடுத்தது.

துரைசாணி மேல் அவளுக்கு ஒரு கோபம் மட்டும் போகவே இல்லை. இத்தனை தூரம் சீராட்டிவிட்டு, போனதும் மறந்துவிட்டாளே.

பரீட்சை வாரம் வந்தது. அந்த வாரம் பங்களாவில் ஒரே ஒரு விருந்தாளி. மிசஸ் பார்க்கர், ஐம்பத்துச் சொச்சம், குட்டையாக வெட்டின நரைமுடி, தனியாக வந்திருந்தாள். "டுடை" என்றாள் முதல் நாளே. ஆஸ்திரேலியா என்று வேலுத்தாய் சமையல்காரன் சுருளிவேலுக்குக் கண்ணைக் காட்டினாள், அவன் காப்பிக்குப் பால் வைத்தான். ஷிஜுவும் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, பெர்த் நகரம், ஆஸ்திரேலியா, சேச்சி சொன்னால் சரிதான் என்றான்.

மிசஸ் பார்க்கர் அதிகம் பேசவில்லை. ரெண்டு நாளும் பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சிவப்புத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். பின்வராந்தாப் படியில் போய் வெறுமனே உட்கார்ந்தாள். வேலுத்தாய் புது நாக்கோடு, எஸ் மேம், நோ மேம், பட்ட மேம் என்று பரிமாறினாள். அந்த அம்மாளும் தேங்க்யூ சொல்லித் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை பரீட்சை. சாப்பாட்டு அறையில் பக்கத்து மேசை மேல் ஷிஜு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். திரையில் டின்சி கையில் தாளோடு தயாராக இருந்தாள். வேலுத்தாய் பரிமாறுவதைக் கேட்டுக்கேட்டு மார்க் போட வேண்டும். மிசஸ் பார்க்கரிடம் ஷிஜு விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. டோஸ்ட் வைத்தாள், காப்பி ஊற்றினாள், ஒரு 'ர்' உருளவில்லை. டின்சி முகத்தில் சிரிப்பு. அப்போது மிசஸ் பார்க்கர், நீங்கள் இந்த பங்களாவை எத்தனை வருஷமாக அறிவீர்கள் என்று கேட்டாள்.

சின்னப் பிள்ளையிலிருந்து என்று வேலுத்தாய் சொன்னாள்.

அந்த அம்மாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசை மேல் வைத்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பின்வராந்தாப் படி. ஒரு வெள்ளைக்காரி, மடியில் ஒரு குழந்தை. ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே பாதி போய்விட்ட ஒரு கறுத்த சிறுமியின் முட்டியும், கையில் கஞ்சிக் கிண்ணமும்.

தான் பிறந்த வீடு இது என்றாள் மிசஸ் பார்க்கர். நாலு வயதில் இங்கிருந்து போனோம், போன கையோடு அம்மா படுக்கையில் விழுந்து அடுத்த வருஷமே இறந்துவிட்டாள், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பெர்த்துக்கு வந்து வேறு கல்யாணம் செய்துகொண்டார், அம்மாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். முகத்துக்கு இந்தப் படம் இருக்கிறது. குரல்தான் இல்லை. ஒரு டேப்பில்கூட இல்லை. ஸ்காட்லாந்துக்காரி என்று தெரியும். டிவியில் எத்தனையோ ஸ்காட்லாந்துக்காரிகள் பேசுகிறார்கள், அதில் எது என் அம்மாவின் குரல் மாதிரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் வந்து நின்றாலாவது ஞாபகம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இதைச் சொல்லிவிட்டு, காலை நேரத்தில் உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டாள்.

அடுத்த வருஷமே. அப்படியானால் கடிதம் போட ஆளே இல்லை. செத்துப்போனவள் மேல் ஐம்பது வருஷம் கோபப்பட்டிருக்கிறாள். இதோ உட்கார்ந்திருப்பது ஐலா. அவள் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்த ஐலா. தன் தாயின் பேச்சைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறது. அந்தப் பேச்சை ரெண்டு மாசமாகத் தன் நாக்கிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்துக் கொட்டியது யார்? தானேதான்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, மயக்கமா?" என்றான் சுருளிவேல்.

"ஓட்ஸ் கஞ்சி ஒரு கிண்ணம் வையி. சர்க்கரை போடாத. உப்புப் போடு."

"உப்பா?"

"சொன்னதைச் செய்யில."

கஞ்சி கொதிக்கிற நேரம் அவள் வாய்க்குள் அந்த வாக்கியத்தைத் தேடினாள். முதல் தடவை 'கேள்' என்றுதான் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. டின்சி குரல்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயை விட்டுவிட்டு, பின்வராந்தாப் படியை நினைத்தாள். ஈரத் துணி, ஏலக்காய், துரைசாணியின் சோப்பு வாசனை. பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லேப்டாப் திறந்தே இருந்தது. ஷிஜு தாளும் பேனாவுமாக நின்றான். துணி அறைக்கு எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியும். கிண்ணத்தை மிசஸ் பார்க்கர் முன்னால் வைத்தாள்.

"கம் அவே, மை வீ கெரல்," என்றாள் வேலுத்தாய். "தி பொர்ரிஜ் இஸ் கெட்டிங் கோல்ட்."

சொல்லும்போது அவள் குரலே ஏறி இறங்கும் விதம் மாறிவிட்டது. கடைசி வார்த்தையை மேலே தூக்கி வைக்கிற துரைசாணியின் வழக்கம், அவள் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மிசஸ் பார்க்கர் ரெண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஒரு வாய் கஞ்சியை எடுத்து வைத்தாள், உப்பு நாக்கில் பட்டது, அப்போது வாய்விட்டே அழுதுவிட்டாள். மறுபடியும் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். வேலுத்தாய் மறுபடியும் சொன்னாள். மேசை மேல் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பட்டர்ர், சுகர்ர், சாசர்ர். ரெண்டு மாசம் கட்டிப்போட்டிருந்த 'ர்' எல்லாம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாக மேசை முழுக்க ஓடின. போட்டோவில் பாதி தெரிகிற முட்டியைத் தொட்டு, இது நான்தான் என்றாள்.

"சேச்சி..." என்று ஆரம்பித்த ஷிஜு நிறுத்திக்கொண்டான். லேப்டாப்பிலிருந்து டின்சி, "ஷிஜு, நான் மார்க்குல என்ன போட?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"துணி ரூமுக்கு வேற ஆளை நோக்கலாம்னு எழுது," என்று சொல்லிவிட்டு, ஷிஜு லேப்டாப்பை மூடினான்.

ஐலா தானும் சொல்லிப் பார்த்தாள். பெர்த்தில் வளர்ந்த வாய். 'கூள்' என்று வந்தது. அப்படியில்லை என்று வேலுத்தாய் தலையாட்டினாள். நாக்கின் நுனியைத் தூக்கச் சொன்னாள், மேலே தட்டச் சொன்னாள், தன் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கை அசைக்காதே என்று ரெண்டு மாசம் படித்ததை, அசை, இன்னும் அசை என்று திருப்பிச் சொல்லிக்கொடுத்தாள். ரெண்டு பேரும் நடுவில் சிரித்துவிட்டார்கள். கஞ்சி ஆறிவிட்டது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ வந்துவிட்டது. பாதி ஆஸ்திரேலியா, பாதி உடும்பஞ்சோலை, ஆனால் 'ர்' உருண்டது. ஐலா எழுந்து பின்வராந்தாவுக்கு நடந்தாள். படியில் உட்கார்ந்து, திரும்பி, உள்ளே நின்ற வேலுத்தாயைப் பார்த்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"கம் அவே, மை வீ கெரல்," என்றாள்.

ஐம்பது வருஷமாக அந்த வார்த்தையை வேலுத்தாய் சொல்லித்தான் வந்திருக்கிறாள். அவளை அப்படிக் கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அய்," என்றாள். "வாரேன்."